பித்தளையில் ஒரு புள்ளி

கம்பம், சின்னமனூர், போடிப் பக்கம் பேண்டு செட்டில் ஊதுகிற நம்ம பையன் புது டிரம்பெட் வாங்குவது லேசான காரியம் இல்லை. கடனும் முன்பணமும் சேர்ந்து வந்த சாமான் அது. சித்திரை, வைகாசியில் வீரபாண்டித் திருவிழா, முகூர்த்தம் என்று ஊதி ஊதித்தான் அடைக்கணும். பெட்டியைத் திறந்தால் வாய் விளிம்பில் பாலீஷ் ஏறாத திட்டு. பத்தவச்ச இடத்தில் ஈயம் வழிந்த தடம். லேக்கர் பூச்சுக்கு அடியில் ஒரு கருப்புப் புள்ளி. கடையில் கேட்டால், "சத்தம் நல்லா வருதுல்ல தம்பி, ஊதத்தான வாங்குன?" என்பார்கள்.

இந்தப் பதிலில் பாதி நியாயம் இருக்கு. லேக்கர் என்பது பித்தளை கருக்காமல் இருக்கப் போடும் மெல்லிய பூச்சு. அதில் ஒரு புள்ளி இருப்பதால் சுரம் கெடாது. பிஸ்டன் சிக்கினாலோ, பத்தவச்ச இடத்தில் காத்துப் போனாலோதான் வாத்தியம் கெட்டது. ஊதுகிறவனுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரிந்துதான் அவன் புள்ளியைப் பற்றிக் கேட்கிறான்.

"இது போதும்" என்று யார் யாருக்குச் சொல்வது என்பதுதான் விசயம். 1930-31ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மேல் போட்ட தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக்கூடாது. 1935 நவம்பரில், அகமதாபாத் மாவட்டத்து ஜானு கிராமத்தில் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகவே நம் பெண்களை அடித்தார்கள். அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார். தண்ணி மண்குடத்திலும் தண்ணிதான். ஆனாலும் குடத்தின் பளபளப்பு அவர்கள் கண்ணை உறுத்தியது. பளபளப்புக்கு அர்த்தம் இல்லை என்று அன்றைக்கு எவனும் சொல்லவில்லை. மிச்சச் சோறு, பழைய சேலை என்று வாங்கிப் பழக்கப்பட்ட சனம் முழுக்காசு கொடுத்து முதல் கையாக ஒன்றை வாங்கும்போது மட்டும் அழகு பெரிசில்லை என்கிறார்கள்.

கல்யாண வீட்டுக்காரர் வேறு இருக்கிறார். மங்கிய வாத்தியத்தைப் பார்த்தால் கூலியைக் குறைப்பார். ஊதுகிறவன் கால் செருப்பு இல்லாமல் தார்ரோட்டில் வேகுவது அவர் கண்ணில் படாது.

இதில் இன்னொரு ஆளும் உண்டு. நம்ம நாட்டுப் பேண்டு வாத்தியங்களில் பெரும்பங்கு உத்தரப்பிரதேசம் மீரட்டில், ஜலி கோட்டிப் பகுதிப் பட்டறைகளில் ஆகிறது. பித்தளைத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு சக்கரத்தில் பாலீஷ் போடுகிற ஒரு கூலிக்காரரின் கை தாண்டித்தான் அந்தத் திட்டு கம்பத்துக்கு வந்து சேர்ந்திருக்கு. அவரைத் திட்டுவது நமக்கு அழகில்லை. காசு வாங்கினவர் கடைக்காரர். அவரிடம்தான் கேட்கணும்.

சட்டமும் அப்படித்தான் சொல்லுது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2019 சட்டமும் தரத்தில் உள்ள எந்தக் குறையையும் குறையாகத்தான் வைக்கின்றன. 'தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோர் இல்லை' என்று மடக்கப் பார்ப்பார்கள். சுயதொழில் செய்து பிழைக்கத் தானே புழங்குவதற்கு வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கு. ரசீதை மட்டும் பத்திரமாக வச்சிருக்கணும்.

அதுவரை வீட்டில் யாரும் ஆசையாகப் புளி போட்டுத் துலக்கிவிட வேண்டாம். பூச்சு போய்விட்டால் "நீயே தேச்சுக் கெடுத்திட்ட" என்று சொல்லிவிடுவார்கள்.