‘தௌ’ போடுதல்

ஆங்கிலத்தில் ‘தௌ’ என்றால் ‘நீ’ என்பது பலருக்கும் தெரியும். அதே சொல் ஒரு காலத்தில் வினையாகவும் வழங்கியது. மரியாதைக்குரிய ஒருவரை நீ, வா, போ என்று பேசினால், அவரைத் ‘தௌ’ போட்டதாகச் சொல்வார்கள். நமக்கு இதற்கு அகராதி வேண்டாம். ‘ஒருமையில் பேசினார்’ என்று செய்தித்தாளில் வந்தால், அடுத்த வரியில் கைகலப்பு என்று தெரிந்துகொள்கிறோம்.

1603 நவம்பர், வின்செஸ்டர். லண்டனில் கொள்ளைநோய், அதனால் விசாரணை இங்கே. ராஜதுரோகக் குற்றம் சாட்டப்பட்டு சர் வால்டர் ராலே நிற்கிறார். அரசுத் தரப்பில் எட்வர்ட் கோக். விரியன் என்கிறார், துரோகி என்கிறார். அதுவும் போதாமல், உன்னைத் ‘தௌ’ போடுகிறேன் என்று அறிவித்துவிட்டே போடுகிறார். விரியன் என்றதை வாதத்தின் சூடு என்று தள்ளிவிடலாம். அந்த அறிவிப்பைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. தீர்ப்பு வருமுன்பே ஆளைக் கீழே இறக்கியாகிவிட்டது. ராலேயின் தலையை வெட்ட 1618 வரை ஆனது.

ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்திலும் இந்த வினை வருகிறது. சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப் போகிறவனுக்கு, மூன்று தடவை ‘தௌ’ போட்டாலும் தப்பில்லை என்று யோசனை சொல்கிறார்கள்.

இந்த வசையைக் கொள்கையாக்கியவர்கள் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவருடைய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும். ‘யூ’ ஆதியில் பன்மை. ஒற்றை ஆளுக்கு அதைச் சொல்வது பொய், முகஸ்துதி என்றார்கள். நீதிபதிக்கும் ‘தௌ’தான். 1660இல் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளிலிருந்து ஒருமை பன்மையைத் திரட்டி ஒரு நூலே போட்டார்கள். அடியும் சிறையும் கிடைத்தன. பின்னாளில் கவிஞர் மில்டனுக்கு வாசித்துக் காட்டிய தாமஸ் எல்வுட் என்ற இளைஞர், பெற்ற தகப்பனையே அப்படி அழைத்தார். இன்னொரு தடவை சொன்னால் பல்லைப் பெயர்த்துவிடுவேன் என்றார் அப்பா. நீதிபதியை எதிர்க்கும் துணிச்சல் வேறு, சாப்பாட்டு மேசையில் வேண்டிய துணிச்சல் வேறு.

1611இன் ஆங்கில வேதாகமத்தில் கடவுளுக்கும் ‘தௌ’, ஏதேனில் பாம்புக்கும் ‘தௌ’. தமிழ் வேதாகமமோ ஆண்டவரை ‘தேவரீர்’ என்கிறது. பாம்புக்கு ‘நீ’. பொதுப் பேச்சில் தேய்ந்து ஜெபத்தில் தங்கிவிட்டதால், ‘தௌ’ இன்றைய ஆங்கிலக் காதுக்குப் பெரிய மரியாதையாக ஒலிக்கிறது. கோக்கிடம் சொன்னால் நம்பமாட்டார்.

சமத்துவம் வேறு வழியாக வந்து சேர்ந்தது. ராஜாவை ‘தௌ’வுக்கு இறக்கவில்லை, எல்லோரையும் ‘யூ’வுக்கு ஏற்றிவிட்டார்கள், வீட்டு நாய் உட்பட. இறக்கப் படியில்லாத இடத்தில் அந்த வினைக்கு என்ன வேலை?

குவேக்கர்கள் மட்டும் எளிதில் விடவில்லை. அமெரிக்காவில் அவர்களுடைய சில வீடுகளில் இருபதாம் நூற்றாண்டிலும் ‘நீ’ என்பதற்கு ‘தீ’ என்றார்கள், தங்களுக்குள். வெளியாரிடம் ‘யூ’ என்றார்கள். ‘தீ’ என்றால் ‘உன்னை’. இலக்கணப்படி அது எழுவாயாக வராது. ‘தௌ’தான் வர வேண்டும். ஒருமை பன்மைக்காகப் புத்தகம் போட்டவர்களின் வழிவந்தவர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.