காகிதத்தைச் சுடுவது பற்றி

"நான் இதுவரை காகிதத்தைத் தவிர வேறெதையும் சுட்டதில்லைடா" என்றான் நண்பன். கல்லூரியில் என்னோடு ஆங்கில இலக்கியம் படித்தவன். பல வருஷங்களாக அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் குடியிருப்பவன். சனிக்கிழமைகளில் ரிவால்வரால் இலக்குச் சுடப் போகிறான். அதற்கான தோட்டாக்களைத் தன் வீட்டு கார் ஷெட்டில், ஒரு மேஜையில், தானே நிரப்பிக்கொள்கிறான். அவன் சொன்னதில் தற்காப்பு இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. அப்போது நான் பதில் சொல்லவில்லை.

கேள்வி இதுதான்: கொல்வதற்கென்று உருவான ஒரு கருவியிலிருந்து கொல்லும் நோக்கத்தை முழுக்க நீக்கிவிட்டால், மிஞ்சுவது குற்றமற்றதாகிவிடுமா?

இதை அந்தரத்தில் நின்று பேசுவதில் பயனில்லை. அவன் மேஜைக்குப் போகவேண்டும். ஒரு தோட்டாவில் நான்கு அங்கங்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் நெருப்புத் தரும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டபின் கூடு மட்டும் மிஞ்சுகிறது. அதைத் துடைத்து, தீர்ந்த பிரைமரை வெளியே தள்ளி, விரிந்த உடலைப் பழைய அளவுக்கு நெருக்கி, மறுபடி நிரப்பினால் அதே கூடு பலமுறை உழைக்கும். செப்பு உறையிட்ட குண்டு விலை கூடியது. அச்சில் வார்த்த வெறும் ஈயக் குண்டு மலிவு. பெட்டி பெட்டியாக வாங்கலாம். இன்னும் சிக்கனமானவர்கள் கார்ச் சக்கரத்தில் சமனுக்காக மாட்டும் ஈயத் துண்டுகளைச் சேகரித்து, உருக்கி, தாங்களே வார்க்கிறார்கள்.

வங்கி குமாஸ்தா என்பதால் கணக்குக் கேட்டேன். மிச்சம் பிடித்த பணம் எங்கே? சிரித்தான். மிச்சமெல்லாம் இல்லை, முன்னைவிட அதிகம் சுடுகிறேன், அவ்வளவுதான் என்றான். அங்கே நடக்கும் ஒரு முழுப் போட்டிக்கே 270 முறை சுடவேண்டும். பயிற்சிக்கு அதைப்போல் பல மடங்கு. மலிவு என்பது சேமிப்பல்ல, பசிக்கு இன்னொரு வாசல் என்பதை நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து தினமும் பார்க்கிறேன்.

அவன் வாங்கும் குண்டுக்கு வாட்கட்டர் என்று பெயர். மூக்கு இல்லாத, முன்பக்கம் தட்டையான சிறு உருளை. எடை 148 கிரெய்ன், அதாவது ஒன்பதரை கிராமுக்குச் சற்று மேல். உருண்டை மூக்குள்ள குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். துளையின் ஓரம் பிசிறாக இருந்தால் அது கோட்டைத் தொட்டதா, தொடவில்லையா என்று சொல்ல முடியாது. வாட்கட்டர் துல்லியமான வட்டமாக வெட்டுகிறது. ஆக, இந்தக் குண்டின் உருவத்தைத் தீர்மானித்தது சதையல்ல, காகிதம். இதே .38 தோட்டாதான் அமெரிக்கப் போலீஸ்காரர்களின் இடுப்பில் பல பத்தாண்டுகள் இருந்தது. அதன் உள்ளிருந்து கொலையை எடுத்துவிட்டு வடிவத்தையும் ஒழுங்கையும் மட்டும் வைத்திருப்பதாக நண்பன் நம்புகிறான்.

நம் வட்டத்தில் இந்த வாதம் புதிதல்ல. கவிதைக்குப் பிரயோஜனம் கிடையாது, பிரயோஜனம் கழிந்த இடத்தில்தான் கவிதை தொடங்குகிறது என்று நானே இதுபோன்ற பக்கங்களில் எழுதியிருக்கிறேன். என் தூய கலையின் மிகச் சரியான உருவகத்தை ஒரு துப்பாக்கிக்காரன் மேஜைமேல் கண்டது எனக்கு உவப்பாக இல்லை.

உவமை எளிதில் விடவும் இல்லை. மலிவுக் குண்டு வாங்குகிறவர்கள் கடினமான ஈயமே உயர்ந்தது என்று முதலில் நம்புகிறார்கள். அனுபவம் வேறு சொல்கிறது. குழலின் உள்ளளவைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிதாகக் குண்டு இருக்கவேண்டும். சிறுத்திருந்தால் எரியும் வாயு பக்கவாட்டில் நழுவி ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும். எவ்வளவு கடினமான குண்டும் அதிலிருந்து தப்பாது. மென்மையாகச் சுடும் இலக்குத் தோட்டாவுக்கு மெதுவான ஈயமே பொருந்தும். பின் ஏன் கடையில் கடினமாக வார்க்கிறார்கள்? பெட்டிக்குள் ஒன்றோடொன்று மோதி நசுங்காமல் ஊர் போய்ச் சேரவேண்டுமே, அதுவும் ஒரு காரணம். நம் கவிதைகள் சிலவற்றின் கடினமும் இந்த ஜாதிதான் என்று தோன்றியது. பொருந்துவதற்கான கடினமல்ல, பிரயாணத்துக்கான கடினம்.

அவன் மேஜையில் நான் மதிக்கும் ஒன்று உண்டு. இந்தத் தோட்டாவுக்கு வேண்டிய மருந்து மிகக் கொஞ்சம். கூட்டில் பாதிகூட நிரம்பாது. அதனால் கை தவறி இரண்டாம் முறை ஊற்றினாலும் வழியாது. வழிந்தால் தவறு தெரியும். வழியாத தவறு துப்பாக்கியையே கையில் வெடிக்க வைக்கும். ஆகவே ஐம்பது கூடுகளைப் பலகைக் குழிகளில் நிறுத்தி, விளக்கைச் சாய்த்து, ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்த்த பிறகே குண்டை வைத்து அழுத்துகிறான். அப்போது ரேடியோ கிடையாது, பேச்சு கிடையாது. இந்தக் கவனமே தார்மீகம் என்று சொல்லிக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன்.

முடிக்க விடாதது ஈயம். நோக்கம் நீங்கினாலும் பொருள் நீங்குவதில்லை.

1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் சுதந்திரப் பிரகடனத்தைக் கேட்ட கூட்டம், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் முலாம் பூசிய ஈயச் சிலையைக் கவிழ்த்தது. பெரும்பகுதி கனெக்டிகட்டில் லிட்ச்ஃபீல்ட் என்ற ஊருக்குப் போயிற்று. அங்கே ஒரு வீட்டில் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து அதை உருக்கி வார்த்தார்கள்: கணக்கில் 42,088 குண்டுகள். மன்னன் ஈயத்துக்கு ஒரு வேஷம், குண்டு இன்னொரு வேஷம். எழுத்து மூன்றாவது. லைனோடைப் உலோகம் என்பது ஏறத்தாழ 84 பங்கு ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். குண்டு வார்ப்பவர்கள் விரும்பித் தேடிய கலவை அது. நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலையில் ஈய அச்சைக் கைவிட்டது. மற்றப் பத்திரிகைகளும் கைவிட்டன. வேலையற்றுப்போன எழுத்துலோகம் பழைய உலோகக் கடைகள் வழியாகக் குண்டு வார்ப்பவர்களின் சட்டிக்கும் போயிற்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: அச்சு.

என் தாய்மாமா கையால் எழுத்துக் கோக்கும் கம்பாஸிடராக இருந்தார். அச்சகம் மூடியபோது எழுத்துக்களைக் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுத்ததைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அவர் விரல்நுனி எப்போதும் சாம்பல் நிறம். அந்த விரலாலேயே டிபன் சாப்பிடுவார். ஈயத்துக்கு வாழைப்பழம் மாற்று என்று அந்த அச்சகத்தில் ஒரு நம்பிக்கை. முதலாளி தினம் ஒன்று கொடுப்பார். கடைசி வருஷங்களில் அவருக்குக் கை நடுங்கியது. அது ஈயத்தால் என்று எவரும் சொல்லவில்லை. எவரும் சோதிக்கவும் இல்லை.

மேஜையில் ஈயத்தை உருக்கும் சூட்டில் ஆவி அதிகம் எழாது, ஆபத்து தூசியிலும் வாய்க்குப் போகும் கையிலும்தான் இருக்கிறது என்று நண்பன் சொன்னான். சுட்ட பிரைமரின் புகையிலும் ஈயம் உண்டு. குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை; அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் கவனிக்கவேண்டிய அளவை டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5க்கு இறக்கியது. ஆகவே அவன் சுட்டுவிட்டு வந்ததும் கை கழுவுகிறான், சட்டையை மாற்றுகிறான், பிறகுதான் மகளைத் தூக்குகிறான்.

காகிதத்தைத் தவிர வேறெதையும் சுடாதவன் மகளைத் தூக்குமுன் ஏன் சட்டை மாற்றவேண்டும்? அவனுக்கான என் பதில் இந்தக் கேள்விதான். அவன் வாய் குற்றமற்றவன் என்கிறது. கை வேறு சொல்கிறது. கையே சரி. நோக்கமற்ற செயல் சாத்யம். மிச்சமற்ற செயல் சாத்யமில்லை. அந்த மிச்சம் யார் உடம்பில் போய்த் தங்குகிறது என்று பார்க்கும் இடத்தில்தான் தார்மீகம் ஆரம்பிக்கிறது. கூட்டுக்குள் விளக்குப் பிடித்துப் பார்க்கும் கவனம் நல்ல கவனம்தான். ஆனால் அது தன் கையைக் காப்பாற்றிக்கொள்ளும் கவனம். சட்டை மாற்றுவது இன்னொருவருக்காக.

பிரயோஜனமற்ற கவிதை என்று நான் கொண்டாடிய வரிகள், நமக்கு முந்திய தலைமுறையின் சிறுபத்திரிகைகளில், மாமாவைப் போன்றவர்களின் விரல்களால் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோக்கப்பட்டவை. அவர்களுக்காக எவரும் சட்டை மாற்றவில்லை. வாழைப்பழம் கொடுத்தார்கள்.

நண்பனுக்கு இதை எழுதினேன். மகளின் ரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்திருப்பதாகப் பதில் வந்திருக்கிறது.