ஊதியமும் பொறுப்பும்: வங்கித் தலைமையின் அறம் குறித்து

முன்னுரை

'ஊதியம்' என்னும் சொல் இன்று பணிக்குப் பெறும் சம்பளத்தைக் குறித்து வழங்குகிறது. வள்ளுவர் காலத்தில் அது பயன், இலாபம் என்னும் பொருளில் நின்றது. தெரிந்து செயல்வகை அதிகாரத்தின் முதற்குறள், ஒரு செயலால் அழிவதையும் ஆவதையும் பின்னர் விளையும் ஊதியத்தையும் சேர்த்து எண்ணச் சொல்கிறது. அழிவைக் கணக்கில் கொள்ளாத ஊதியம் அங்கு ஊதியமாகாது. 'பொறுப்பு' என்னும் சொல்லோ தாங்குதல், சுமத்தல் எனப் பொருள்படும் 'பொறு' என்னும் அடியிற் பிறந்தது. ஒரு நிறுவனத்தில் தவறு நேர்ந்தபின் அதன் தலைவர் பெற்ற ஊதியம் அவருக்கு உரியதுதானா என்னும் அறவினாவை இவ்விரு சொற்களின் துணையோடு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

நிகழ்வு

அமெரிக்காவின் பெரிய வங்கிகளுள் ஒன்றான வெல்ஸ் ஃபார்கோ, ஒவ்வொரு குடும்பத்திற்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்பதை இலக்காகக் கொண்டிருந்தது. கிளைப் பணியாளர்களுக்கு அன்றாட விற்பனை இலக்குகள் விதிக்கப்பட்டன. அவற்றை எட்ட இயலாத நெருக்கடியில், வாடிக்கையாளர் அறியாமலே அவர்கள் பெயரில் கணக்குகளும் கடன் அட்டைகளும் தொடங்கப்பட்டன. 2016 செப்டம்பரில் இது வெளிப்பட்டபோது, ஒப்புதலின்றித் தொடங்கப்பட்டிருக்கக்கூடியவை ஏறத்தாழ 20 இலட்சம் என மதிப்பிடப்பட்டது. 2017இல் அவ்வெண்ணிக்கை 35 இலட்சமாக உயர்ந்தது. ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 5,300 பணியாளர்கள் நீக்கப்பட்டிருந்தனர். வங்கிக்கு விதிக்கப்பட்ட தண்டம் 18.5 கோடி டாலர்.

அம்மாதமே அமெரிக்க மேலவைக் குழுவின் முன் தோன்றிய தலைமைச் செயல் அலுவலர் ஜான் ஸ்டம்ப், தாம் முழுப் பொறுப்பேற்பதாகக் கூறினார். அப்போது அவர் ஊதியத்தில் ஒரு டாலரும் குறைந்திருக்கவில்லை. கண்டனம் வலுத்த பின்னரே, அவருக்குச் சேரவேண்டியிருந்த 4.1 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை இயக்குநர் குழு நிறுத்தியது. 2017 ஏப்ரலில் மேலும் 2.8 கோடி டாலர் திரும்பப் பெறப்பட்டது. 2020இல் கண்காணிப்பு அமைப்பு அவருக்கு 1.75 கோடி டாலர் தண்டம் விதித்து, வங்கித் தொழிலில் ஈடுபட வாழ்நாள் தடையும் விதித்தது. பணியாளர்கள் தண்டிக்கப்பட்டதற்கும் தலைவர் தண்டிக்கப்பட்டதற்கும் இடையே நின்ற இக்கால இடைவெளி நோக்கத்தக்கது.

இரு செழியர்கள்

தலைமையின் பொறுப்புக்குச் சான்றாகத் தமிழறிஞர் எடுத்துக்காட்டுவது சிலப்பதிகாரப் பாண்டியனையே. அம்மன்னனும் உண்மையை அறிந்திருக்கவில்லை. பொற்கொல்லனின் சொல்லை நம்பினான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, 'என்னை ஏமாற்றியவன் அவன்' என்று சொல்ல அவனுக்கு வாய்ப்பிருந்தது. அவ்வாறு சொன்னால் அது பொய்யுமன்று. எனினும் ஆராயாது ஆணையிட்டது தன் செயலே என்பதை உணர்ந்து, குற்றத்தைத் தன்மேல் ஏற்று உயிர் துறந்தான். அறியாமை அவனுக்குக் காரணமாயிற்றேயன்றிக் காப்பாகவில்லை.

ஆயின் அதே காப்பியம் காட்டும் மற்றொரு செயல் பெரிதும் பேசப்படுவதில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், நேர்ந்த கேட்டிற்குக் கழுவாயாகப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என உரைபெறு கட்டுரை கூறுகிறது. குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன். உயிர் கொடுத்தோர் ஆயிரவர். முதற் செழியன் பொறுப்பைத் தன்பால் இழுத்துக்கொண்டான். பின்னவன் அதைக் கீழே இறக்கி வைத்தான். தலைவரின் ஊதியத்தைத் தொடாது பணியாளரை முதலில் நீக்கும் நிறுவனம் பின்பற்றுவது இரண்டாம் செழியனின் வழியே எனலாம்.

நீக்கப்பட்ட பணியாளர் அனைவரும் குற்றமற்றவர் என்பது இதன் கருத்தன்று. பொய்க்கணக்குத் தொடங்கியவர் செய்தது குற்றமே. ஆனால் இலக்கை விதித்தவரும், அது எட்டப்பட்டதால் பயன் பெற்றவரும் அவர்களல்லர். மேலும், முறைகேட்டை எடுத்துரைத்தோரும் அவர்களிடையே துன்புற்றனர். முறைகேடுகளைப் புகாராகத் தெரிவித்தபின் நீக்கப்பட்ட ஒரு மேலாளருக்கு மீண்டும் பணியும் 54 இலட்சம் டாலர் இழப்பீடும் வழங்குமாறு 2017இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை வங்கிக்கு ஆணையிட்டது.

ஊதிய மீட்பு தண்டனையா?

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். ஆயிரக்கணக்கான கிளைகளில் நிகழ்வதை ஒருவர் எவ்வாறு அறிவார்? அறியாததற்கு அவரைத் தண்டிப்பது அறமாகுமா? இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. ஆனால் இது தண்டனையைப் பற்றிய வினாவேயன்றி ஊதியத்தைப் பற்றியதன்று.

தண்டனைக்கு நோக்கமும் அறிவும் நிறுவப்பட வேண்டும். அதற்கு நீதிமன்றம் உண்டு. ஊதியத்தின் அடிப்படையோ வேறு. தலைவருக்குக் கோடிகள் வழங்கப்படுவது, நிறுவனம் முழுவதன் விளைவும் அவருடையது என்னும் உரிமைக் கூற்றின் பேரில்தான். ஒவ்வொரு கிளையின் விற்பனையிலும் தமக்குப் பங்குண்டு எனக் கொண்டு ஊக்கத்தொகை பெற்றவர், அவ்விற்பனை பொய்யானது எனத் தெரிந்தபின் கிளைகளைத் தாம் அறியேன் என்பது முரணாகும். விளைவு தம்முடையதென்றால் அதன் வழியும் தம்முடையதே. ஆதலின் பொய்யால் விளைந்த ஊதியத்தை மீட்பது தண்டனையன்று. பிழையாக எழுதப்பட்ட கணக்கைத் திருத்துதலே. நேர்மையான துணிவால் நேரும் இழப்பு இவ்வகையிற் சேராது. இவ்வேறுபாட்டைப் பேணாவிடில் மீட்பும் பழிவாங்கலாகிவிடும்.

வங்கி செலுத்தும் தண்டம் இத்திருத்தத்திற்கு ஈடாகாது. அப்பணம் பங்குதாரர்களுடையது. அவர்கள் பொய்க்கணக்கு எதையும் தொடங்கவில்லை.

இந்திய நெறிமுறை

இச்சிந்தனை இந்தியாவிலும் விதியாக வடிவெடுத்துள்ளது. இந்திய ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், தனியார் வங்கித் தலைவர்களின் மொத்த ஊதியத்தில் குறைந்தது பாதி செயல்திறனைச் சார்ந்து மாறுவதாக இருக்க வேண்டும் என்றும், அம்மாறும் பகுதியில் குறைந்தது 60 விழுக்காட்டை மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் தள்ளிவைக்க வேண்டும் என்றும் வகுத்தன. தள்ளிவைத்ததை மறுக்கவும் கொடுத்ததைத் திரும்பப் பெறவும் அவை இடமளித்தன. பின்னர் விளைவதை எண்ணிய பிறகே ஊதியத்தை ஊதியமெனக் கொள்ளுதல் என்னும் குறட்கருத்துக்கு இது அணித்தாய் நிற்கிறது. எனினும் விதியை இயக்க வேண்டியோர் இயக்குநர் குழுவினரே. வெல்ஸ் ஃபார்கோவில் அக்குழு கண்டனம் எழும்வரை காத்திருந்தது என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

பாண்டியனின் சாவு கோவலனை மீட்கவில்லை, மதுரையையும் காக்கவில்லை. ஆகவே தலைவர் தம்மை அழித்துக்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபன்று. 'பொறுப்பேற்கிறேன்' என்னும் சொல்லுக்கு ஒரு சுமை உண்டு. அதைச் சொல்பவரே அதைத் தாங்க வேண்டும் என்பதே துணிபு. தவறு வெளிப்பட்ட நாளில், கீழ்நிலைப் பணியாளர் ஒருவரை நீக்கும் ஆணையில் கையொப்பமிடுவதற்கு முன், தலைவரின் ஊதியக் கணக்கு திறக்கப்பட வேண்டும். 'பொறு' என்னும் அடிக்கு மன்னித்தல் என்னும் பொருளும் உண்டு. தாங்க வேண்டியவர் தாங்கிய பின்னரே, ஏமாற்றப்பட்டவரிடம் அப்பொறுத்தலைக் கேட்க முடியும்.