வறண்ட பருவத்தில் வயலும் விரதமும்

தமிழ்ச் சமணர்களாகிய நாம் தொன்றுதொட்டு உழுதுண்டு வாழ்ந்தவர்கள். வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி வட்டாரங்களில் இன்றும் நம்மவர் நிலங்கள் விளைகின்றன. ஏனையோர் பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கும், அதை அடுத்த திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற் பகுதிகளுக்கும் சென்று குடியேறினர். எங்கு வாழினும் நாம் உண்ணும் சோறு வயலிலிருந்தே வருகின்றது. ஆதலின், பயிரைத் தின்னும் பூச்சியைக் கொல்லலாமா என்னும் வினா ஏர் பிடிப்பவர்க்கு மட்டும் உரியதன்று.

இவ்வினாவிற்கு எளிய விடைகள் இரண்டு வழங்கி வருகின்றன. உழவே பாவத் தொழில், ஆகவே அதை விட்டொழிப்பதே நன்று என்பது ஒன்று. உழவில் கொலை தவிர்க்க இயலாதது, ஆகவே அதைப் பற்றி எண்ணிப் பயனில்லை, வேண்டுமளவு மருந்தடிக்கலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஏற்கத்தக்கன அல்ல என்பதே என் கருத்து.

முதல் விடையைப் பார்ப்போம். பகவான் ரிஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று என்று ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம் கூறுகின்றது. பாவமே உருவான தொழிலை ஆதிபகவன் கற்பித்திருப்பாரா? மேலும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் அரிசி வாங்கி உண்பதால் நாம் தூயவராகிவிட முடியாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்று வழிகளாலும் வினை சேரும் என்பது நம் அறநூல்களின் கொள்கை. குத்தகைக்காரர் தெளித்த நஞ்சில் நமக்கும் பங்குண்டு.

இரண்டாம் விடை இன்னும் ஆபத்தானது. நம் ஆசாரியர்கள் இல்லறத்தாரின் ஹிம்சையை நான்காகப் பகுத்தனர். வேண்டுமென்றே கொல்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. தொழிலில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோதி ஹிம்சை. சாவகர் முற்றும் விலக்க வேண்டியது சங்கல்ப ஹிம்சை. ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். ஏர்முனையில் மண்புழு மடிவது தொழிலில் நேர்வது. ஆனால் கொல்வதற்கென்றே செய்த நஞ்சைத் தெளிப்பது எவ்வகை? பயிர் அழியும் நிலை கண்ணெதிரே தெரிந்து, வேறு வழியின்றிச் செய்தால் அது தற்காப்பில் அடங்கலாம். வயலில் பூச்சி உண்டா இல்லையா என்று பாராமலே, நாள் கணக்கு வைத்துத் தெளித்தால் அதைத் தற்காப்பென்று எவ்வாறு சொல்வது? நஞ்சுக்கு நாம் மருந்து என்று பெயரிட்டு வழங்குவதும் செயலின் தன்மையை நம்மிடமிருந்து மறைக்கின்றது.

மழை பொய்த்த ஆண்டுகளில் இச்சோதனை கடுமையாகும். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகள் வறண்டதை நாடே கண்டது. வறட்சியில் சில பூச்சிகள் பெருகுவதற்குக் காரணங்கள் உண்டு. இலைப்பேன் போன்ற சிறு பூச்சிகளைக் கழுவிச் செல்லும் மழை இல்லை. புழுக்களுக்கு நோய் உண்டாக்கும் பூஞ்சணங்கள் வளர ஈரம் இல்லை. கடித்த இலைக்கு ஈடாகப் புதிய இலை விடும் வலிமை பயிருக்கும் இல்லை. திருவள்ளூர்ப் பகுதியில் மழையை நம்பிப் புழுதியில் விதைக்கும் நெல்லுக்கும், மானாவாரி நிலக்கடலைக்கும் இது பொருந்தும். அஞ்சிய உழவர் முதலில் நாடுவது தெளிப்பானையே.

நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவை எடுத்துக்கொள்வோம். அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். நல்ல மழை பெய்த பின் அந்துப்பூச்சிகள் இரவில் வெளிவந்து, இலைகளின்மேல் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். விளக்குப்பொறி வைத்தும் வரப்பில் தீ மூட்டியும் அந்துப்பூச்சிகளை அழிக்குமாறு வேளாண்மைத் துறையினர் கூறுவர். விளக்கில் பூச்சி விழும் என்பதற்காகவே பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நாம், அதே விளக்கை வயலில் பொறியாக வைப்பதா? நஞ்சைக் காட்டிலும் விளக்கு மேல் என்று சொல்லலாம். ஆயினும் தீ நாடி வருவன எல்லாம் பயிருக்குப் பகையானவை அல்ல. பகையல்லாதவையும் அதில் மடியும்.

இதனினும் குறைந்த கேடுடைய வழி ஒன்றுண்டு. வயலோரத்தில் தட்டைப்பயறும் ஆமணக்கும் விதைத்தால் அந்துப்பூச்சி அவற்றில் விரும்பி முட்டையிடும். முட்டைகள் குவியலாக இருக்கும். பொரித்த இளம்புழுக்களும் சில நாட்கள் ஒரே இலையில் கூடி, பச்சையத்தைச் சுரண்டி, இலையைச் சல்லடை போலாக்கும். நாள்தோறும் காலையில் சுற்றி வருபவர் அவ்விலைகளை மட்டும் கிள்ளி அகற்றலாம். இதிலும் கொலை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு வாரம் பாராமல் விட்டால் புழுக்கள் வளர்ந்து வயல் முழுவதும் பரவும். ஓரிலையோடு முடிந்திருக்க வேண்டியது ஒரு வயல் நஞ்சாக மாறும். அந்நஞ்சு புழுவைத் தின்னும் சிலந்தியையும், பொறிவண்டையும், குளவியையும் சேர்த்தே கொல்லும்.

கொலை மேலும் கொலைக்கே வழி வகுக்கும் என்பதற்கு இந்தோனேசிய நாடு சான்று. அங்கு நெல்லுக்குப் பூச்சிக்கொல்லியை மிகுதியாகத் தெளித்ததால் சிலந்தி முதலிய இரைதின்னிகள் அழிந்தன. அவற்றுக்கு இரையான புகையான் பூச்சி பெருகி வயல்களை எரித்தது. 1986ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தக் கூடாதென ஆணையிட்டு, வயலைக் கூர்ந்து நோக்கும் முறையை உழவர்க்குக் கற்பித்தது. அதனால் நெல் விளைச்சல் குன்றிவிடவில்லை.

தெளிக்கும் மனிதரையும் மறக்கலாகாது. 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு நஞ்சு தெளித்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பூச்சியைக் குறி வைத்த கருவி ஐயறிவும் மனமும் உடைய உயிரைக் கொண்டுபோயிற்று.

கொல்லும் தேவையையே குறைக்கும் வழிக்கு நம் பகுதியிலேயே பெருமையான சான்று உண்டு. திருவள்ளூரை அடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம். 6 என்னும் நெல், தண்டுதுளைப்பானைத் தாங்கும் இயல்புடையது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதைப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு, 1969இல் வெளியான ஐ.ஆர். 20 என்னும் நெல்லை உருவாக்கினர். தக்க விதையைத் தேர்ந்து, பருவத்தில் விதைத்து, ஊடுபயிர் இட்டால், நஞ்சுக்கு வேலை குறையும். தண்டுதுளைப்பான் தென்பட்டாலும், நூறு தூர்களுள் பத்தில் குருத்துக் காயும் நிலை வரும்வரை நஞ்சு வேண்டாம் என்றே வேளாண் நூல்களும் கூறுகின்றன. எண்ணிப் பார், அதுவரை பொறு என்று அறிவியலும் சொல்வது நமக்கு உவப்பானதன்றோ!

தடையாக இருப்பது யாது? பார்ப்பதற்கு ஆள் இல்லாமையே. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குச் செல்பவர் வாரத்தில் ஒருநாளே வயலுக்குப் போக முடியும். பார்க்க நேரமில்லாதவர்க்குத் தெளிப்பது எளிது. இதைப் பழியாகக் கூறவில்லை; வறுமையும் கடனும் விரட்டும்போது நேரம் எங்கிருந்து வரும்? ஆகவே, நிலம் குத்தகைக்கு விட்டிருப்போர் வறண்ட ஆண்டில் குத்தகையைக் குறைத்து வாங்குவது வெறும் ஈகையன்று. அது ஹிம்சையைக் குறைக்கும் விரதமே ஆகும். இழப்பைத் தாங்கும் வலிமை உள்ளவரே பொறுத்துப் பார்க்கத் துணிவார்.

எப்படிக் கொன்றால் என்ன, மடியும் புழுவிற்கு வேறுபாடு உண்டா என்று இளைஞர் கேட்கலாம். அப்புழுவிற்கு வேறுபாடு இல்லைதான். மடியும் உயிர்களின் எண்ணிக்கையிலும் நம் மனத்திலும் வேறுபாடு உண்டு. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது பிரமாதம் என்னும் விழிப்பின்மையையே காரணமாக வைத்தார். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது, பாடம் நடத்துமுன் குழந்தையைக் கவனி என்பதே. வயலுக்கும் அதுவே விதி. விழித்துப் பார்த்து, குறைவாகச் செய்து, செய்ததைப் புண்ணியமென்று பெயரிடாமல் மாலையில் பிரதிக்கிரமணத்தில் நினைந்து வருந்துவதே உழும் சாவகரின் அணுவிரதம். சோறுண்ணும் நாமும் அந்த வருத்தத்தில் பங்கு கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.