கந்தோரை விட்டு மரத்தில் ஏறலாமா?

கந்தோர் உத்தியோகத்தை விட்டு, நோயுற்ற மரங்களைப் பராமரிக்கும் தொழிலுக்குப் போக மகன் விரும்பினால், பாமன்கடையில் எந்தத் தகப்பன் சம்மதிப்பார்? "படித்தது மரம் ஏறவா?" என்றே கேட்பார்.

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் மீது பெருமரம் சாய்ந்து ஐவர் மாண்டனர். உள்ளே உக்கிய மரமும் வெளியே பச்சையாக நிற்கக்கூடும். எதைத் தறிப்பது, எதைக் காப்பது என்று அறிந்து தீர்ப்பவன் கையில் வழிப்போக்கரின் உயிர் இருக்கிறது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில், காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொன்ன எஜமானிடம், கொத்தி எருவிட ஓராண்டு தவணை கேட்டவனும் தோட்டக்காரனே.

பெற்றோரே, வீட்டுச் சோற்றுக்கு என்ன வழி, ஏறும்போது பாதுகாப்பு என்ன என்று கேளுங்கள். அது உங்கள் கடமை. கௌரவம் குறையும் என்று மட்டும் தடுக்காதீர்கள். இறை அழைத்தல் குருமடத்துக்கு மாத்திரம் உரியதன்று.