தொடாமல் விட்ட சில அடி

அண்ணாமலையாரைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். காஞ்சன்ஜங்கா எனக்குக் குலசாமியும் இல்லை, இஷ்ட தெய்வமும் இல்லை. வருகிற அக்டோபரில் சிக்கிமில் அந்த மலையின் பெயர் கொண்ட தேசியப் பூங்காவுக்குள் நடக்கப் போகிறோம். யுக்சோமில் தொடங்கி சோக்கா, ஜோங்ரி, தான்சிங் வழியாக கோச்சா லா பக்கம். ஏற்பாடுகள் நடக்க நடக்க ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் நம்பாத தெய்வத்துக்கு நான் மரியாதை செய்ய முடியுமா? செய்தால் அது பக்தியா, விருந்தாளி காட்டும் பணிவா?

8,586 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் சிக்கிம்காரர்களுக்குக் காவல் தெய்வம். லெப்சாக்களும் பூட்டியாக்களும் சகோதரர்களாக இருப்போம் என்று செய்துகொண்ட பழைய சத்தியத்துக்கு அந்த மலையே சாட்சி என்று சொல்லி, ஆண்டுதோறும் பாங் லாப்சோல் திருவிழாவில் முகமூடி அணிந்து ஆடி வணங்குகிறார்கள். 1955 மே 25 அன்று ஜார்ஜ் பேண்ட், ஜோ பிரவுன் என்ற மலையேறிகள் நேபாளப் பக்கமாக ஏறி, உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டார்கள். சிக்கிம் மன்னருக்குத் தந்திருந்த வாக்கு அது. மறுநாள் போன அதே குழுவின் ஹார்டியும் ஸ்ட்ரீதரும் அதே இடத்தில் நின்று திரும்பினார்கள்.

இவர்கள் யாரும் அந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் அல்ல. மேலே காவலும் கிடையாது. ஏறி மிதித்துவிட்டு வந்து மிதிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? பணிவு என்பது பெரும்பாலும் ஆள் பார்க்கும் இடத்தில் காட்டுவது. பார்க்க ஆளில்லாத இடத்திலும் கால் தானாக நின்றதென்றால் அதை வணக்கம் என்றுதான் நான் சொல்வேன். நம்பிக்கை முதலில் வந்து வணக்கம் பிறகு வர வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக் கூப்பிவைத்துத்தான் பழக்குகிறோம். எதிரே இருக்கும் சாமி யார் என்று அதற்குத் தெரிய வருடங்கள் ஆகும். உடம்பு முதலில் கற்றுக்கொள்கிறது.

இந்த நினைப்பு ஷூ வாங்கும்போது பலமாக வந்தது. இறக்கத்தில் கால்விரல் முட்டக்கூடாது என்பதற்காக, நீர் பாட்டில்கள் அடைத்த பையோடு திருவண்ணாமலையில் கந்தாஸ்ரமப் பாதையில் ஏறி இறங்கிப் பார்க்கிறேன். அம்மா அண்ணாமலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டரையும் செருப்பில்லாமல்தான் நடப்பார். காரைக்கால் அம்மையார் கயிலையில் கால் படக்கூடாதென்று தலையால் நடந்து போனார் என்கிறது பெரியபுராணம். நான் தடித்த ரப்பர் அடிப்பாகத்தோடு இன்னொருவர் தெய்வத்தின் மடியில் நடக்கப் போகிறேன். 4,000 மீட்டரில் வெறுங்காலோடு போக முடியாது, போகவும் கூடாது. அப்படியானால் நான் எதை விட்டுக்கொடுக்கிறேன்?

உச்சியை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அங்கே ஏறும் திராணி எனக்கில்லை என்பது ஒருபுறம். 2001இல் சிக்கிம் அரசே தன் பக்கமிருந்து அதில் ஏறத் தடை விதித்துவிட்டது. தடை சரிதான். வாக்குக் கொடுத்து வாக்கைக் காப்பாற்றும் நாலு பேருக்குச் சட்டம் வேண்டாம், கூட்டத்துக்கு வேண்டும். சிக்கிமின் ரதோங் சூ ஆற்றில் தொடங்கிய நீர்மின் திட்டத்தை 1997இல் கைவிடச் செய்ததும் அந்த மண்ணைப் புனிதமென்று நினைத்தவர்களின் எதிர்ப்புதான். ஆனால் சட்டம் தடுத்ததைச் செய்யாமல் இருப்பதில் என் பங்கு என்று எதுவும் இல்லை. 2024 டிசம்பரில் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. கீழே நின்ற எல்லோரும் அன்று விரதம் காத்தவர்கள் ஆகிவிடவில்லை.

என் பங்கு சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. யுக்சோம் சோதனைச் சாவடியில் நாம் கொண்டுபோகும் பிளாஸ்டிக் போன்ற மக்காத பொருள்களை எழுதிக் கொடுக்க வேண்டும், திரும்பும்போது அத்தனையும் காட்ட வேண்டும். பேட்டரி, ஷாம்பூ பாக்கெட், கடலைமிட்டாய்த் தாள் என்று அந்தப் பட்டியலை இப்போதே ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். எழுத எழுதப் பாதிச் சாமான் வேண்டாம் என்று ஆகிவிட்டது. வழியில் வரும் சமிதி ஏரிக்கரையில் உரக்கப் பேசுவதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறோம். அதை யாரும் சோதிக்கப் போவதில்லை.

கூட வரும் அக்கா மகன் ட்ரோன் கொண்டுவரக் கேட்டான். அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் பறக்கவிட முடியாது என்றேன். அவன் கேட்டது வேறு.

"அனுமதி கெடைச்சா, சித்தி? கால் படாதில்ல. தப்பா?"

உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அந்தச் சில அடியை விட்டது, அங்கே கால்தூசி விழக்கூடாது என்பதற்காக மட்டும் இல்லை, கண்ணு. நமக்குக் கிடைக்காதது ஒன்று அங்கே அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்கள். ட்ரோன் போய் எடுத்துவந்துவிட்டால் அது கிடைத்ததாகிவிடும். கருவறைக்குள் கேமராவை நீட்டுவதில்லையே, அது மாதிரி.

"அப்போ பைனாகுலர்?"

அதைக் கொண்டுவா என்றேன். நம்மை நிற்கச் சொன்ன இடத்தில் நின்றுதானே அதில் பார்ப்போம்.