கதவுக்கு அந்தப் பக்கம்

ராபர்ட் ஜெகான்ஸ்கிக்கு அதுதான் முதல் விமானப் பயணம். வயது 40. போலந்துக்காரர், ஆங்கிலம் தெரியாது. கனடாவில் அம்மாவோடு குடியேறுவதற்காக 2007 அக்டோபர் 13 பிற்பகல் வான்கூவரில் வந்து இறங்கினார்.

“பெட்டி வரும் இடத்திலேயே நில், வந்து கூட்டிக்கொள்கிறேன்” என்று அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். அங்கே வெளியாட்கள் நுழைய முடியாது என்பது அவருக்குத் தெரியாது. மகன் அம்மாவின் பேச்சைத் தட்டவில்லை. உள்ளே அவர் மணிக்கணக்கில் காத்திருக்க, வெளியே அம்மா ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று இரவில் பதில் வந்தது. விமானத்தைத் தவறவிட்டிருப்பான் என்று எண்ணி, பத்து மணி வாக்கில் 350 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காம்லூப்ஸுக்கு அவர் வண்டியேறிவிட்டார்.

நள்ளிரவு தாண்டித்தான் மகன் சுங்கப் பகுதியை விட்டு வெளியே வந்தார். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. நாற்காலிகளை இழுத்துக் கதவில் முட்டுக்கொடுத்தார், ஒரு கணினியைத் தூக்கிப் போட்டார். போலீஸ்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். மேசையில் கிடந்த ஸ்டேப்லரை அவர் கையில் எடுத்தார். அவர்கள் வந்து அரை நிமிடம் ஆவதற்குள் டேசர் மின்அதிர்ச்சிக் கருவி அவர்மேல் பாய்ந்தது, அதுவும் ஒருமுறையல்ல, ஐந்து முறை. அங்கேயே இறந்துபோனார்.

பக்கத்தில் நின்ற பயணி ஒருவர் எடுத்த வீடியோ இல்லாவிட்டால் இது இரண்டு பத்திச் செய்தியோடு முடிந்திருக்கும். டேசரைப் பயன்படுத்தியதில் நியாயமே இல்லை என்று ஓய்வுபெற்ற நீதிபதி தாமஸ் பிரைட்வுட்டின் விசாரணை அறிக்கை 2010-இல் சொன்னது. பொய்ச் சாட்சியம் சொன்னதற்காக அந்த நால்வரில் இருவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

உலகம் அந்தக் கடைசி அரை நிமிடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் கழிந்த ஏறக்குறைய பத்து மணிநேரத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கொடுமைக்காரர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. அவரவர் கவுன்டரில் அவரவர் வேலை நடந்தது. இந்த ஆள் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறார் என்று பார்ப்பது மட்டும் யாருக்கும் ஒதுக்கப்பட்ட வேலையாக இல்லை. கழிவறை எங்கே என்று பொம்மை போட்ட பலகை எந்த மொழிக்காரருக்கும் சொல்லிவிடும். உன் அம்மா அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறாள் என்று எந்தப் பலகையும் சொல்லாது.

விமானிகள் விஷயத்தில் உலகம் இப்படி அசட்டையாக இருக்கவில்லை. 1996-இல் டெல்லிக்குப் பக்கத்தில் சர்க்கி தாத்ரி வானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டார்கள். கசகஸ்தான் விமானக் குழுவின் அரைகுறை ஆங்கிலமும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சர்வதேசப் பயணங்களுக்கு விமானிகளின் மொழித்திறனைச் சோதித்தாக வேண்டும் என்ற விதி 2008-இல் நடப்புக்கு வந்தது. விமானத்தை ஓட்டுகிறவருக்குத் தேர்வு உண்டு. அதில் ஏறி வருகிறவரோ, அவர் பாடு.

இதற்கு நம் வீடுகளே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கின்றன. டொரன்டோவுக்கோ நியூஜெர்சிக்கோ பேறுகாலம் பார்க்கப் போகும் அம்மாவுக்கு முழங்கால் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் மகள் டிக்கெட்டோடு வீல்சேர் கேட்டுவிடுவார். தள்ளிக்கொண்டு போகிற பையன் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாவற்றையும் கடத்தி வாசலில் மகள் கையில் ஒப்படைத்துவிடுவான். இதைத்தான் விமான நிறுவனங்கள் மோசடி என்று அலுத்துக்கொள்கின்றன. நடக்க முடியாதவர்கள் வரிசையில் காத்துக் கிடக்க நேர்கிறது என்ற வகையில் அந்தப் புகாரை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த அம்மா கேட்பது சக்கரத்தை அல்ல, கூட வரும் ஆளை.

இதற்கென்றே டிக்கெட் பதிவு முறையில் எம்.ஏ.ஏ.எஸ். என்று ஒரு குறியீடு இருக்கிறது. எதிர்கொண்டு அழைத்துச் செல்ல ஆள் வேண்டும் என்பது அதன் பொருள். பதிவு செய்யும் பக்கத்தில் வீல்சேருக்குக் கட்டம் போட்டிருப்பவர்கள், இதற்கும் ஒரு கட்டம் போடலாம்.